கடல் வரை நடை, பின்னால் ஒரு கார்

தங்கையின் கல்யாணப் பட்டு எடுக்க டிசம்பர் விடுமுறையில் மெட்ராஸ் போகிறேன் என்று நான் சொன்னதுதான் தாமதம், எங்கள் தலைமையாசிரியை ஒரு வேலையை என் தலையில் கட்டிவிட்டார். செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு விடுதிப் பள்ளி இருக்கிறதாம். அங்கே பிள்ளைகளைக் காடு, ஏரி, கடற்கரை என்று நடத்தியே கூட்டிப் போய் அங்கேயே பாடம் சொல்லிக்கொடுக்கிறார்களாம். நம் பெண்களையும் அப்படி வெளியே கூட்டிப் போகலாமா, ஆபத்தில்லையா என்று நேரில் பார்த்து வந்து சொல்ல வேண்டும். மலேசியாவில், தைப்பிங்கில் எங்கள் விடுதிப் பெண்கள் ஏரிப் பூங்காவுக்குப் போவதென்றாலே வாசலில் நின்று தலையை எண்ணி அனுப்பி, தலையை எண்ணி உள்ளே விடுகிறவள் நான். என்னைப் போய் இந்த வேலைக்கு அனுப்பினார்.

பள்ளிக்குப் போனதும் மரத்தடியில் நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, எல்லாவற்றையும் விளக்கிச் சொல்வார்கள் என்று எண்ணியிருந்தேன். மோர் கொடுத்தார்கள். அதைக் குடித்து முடிப்பதற்குள் உடற்பயிற்சி ஆசிரியை மெர்சி குனிந்து என் காலைப் பார்த்தார். கழுத்தில் விசில், இறுக்கிப் போட்ட கொண்டை, என் தோள் உயரம்தான் இருப்பார்.

"இந்தச் செருப்பு ஏரிக்கரை வரைக்கும்கூட தாங்காது டீச்சர். என்ன சைஸ்?"

"எதுக்குங்க?"

"நாளைக்குக் காலைல கிளம்புறோம். கடல் வரைக்கும் நடை. நடந்து பாத்தாத்தானே உங்க ஊர்ல போய்ச் சொல்ல முடியும்?"

யாருடையதோ ஒரு ஜோடி கான்வாஸ் ஷூ வந்தது. எனக்குப் பெரியது. முனையில் பஞ்சு அடைத்துக் கொடுத்தார்கள்.

சாப்பாட்டுக் கூடத்தில் ரசத்தைக் குடித்துக்கொண்டே மெர்சி மீதிக் கதையைச் சொன்னார். பையன்களுக்கு இந்த முகாம் பல வருஷமாக நடக்கிறது. பெண்களுக்கு இதுதான் முதல் தடவை. பெற்றோர் குழுவிடம் மன்றாடி அனுமதி வாங்கியிருந்தார். அனுமதியோடு ஒரு நிபந்தனையும் வந்தது. நான்கு நாள் நடந்து மாமல்லபுரம் போய்ச் சேருவதற்குள் ஒரே ஒரு பெண் முடியவில்லை என்று வண்டி ஏறினாலும் போதும், அடுத்த வருஷத்திலிருந்து பெண்களுக்கு முகாம் கிடையாது. பையன்கள் மலையேறும்போது பெண்கள் வழக்கம்போல விடுதியில் உட்கார்ந்து பூத்தையல் போடலாம்.

"ஒரு பொண்ணு போதும் டீச்சர், எல்லாத்தையும் இழுத்து மூட. அந்தப் பொண்ணு யாருன்னுகூட எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க" என்றார் மெர்சி.

அந்தப் பெண்ணை மறுநாள் விடியற்காலையில் பார்த்தேன். வசந்தா, ஒன்பதாம் வகுப்பு. பூசினாற்போன்ற உடம்பு, மெதுவான நடை, அதைவிட மெதுவான பேச்சு. மதுராந்தகத்தில் அரிசி மில் வைத்திருக்கும் சபாபதிக்கு மூன்று பையன்களுக்குப் பிறகு பிறந்த ஒரே பெண். பெற்றோர் குழுவில் நிபந்தனை போட்டவரே இந்த சபாபதிதான். அப்புறம் எப்படி மகளை அனுப்பினார் என்று கேட்டேன். மூன்று வேளை சாப்பிடாமல் இருந்தாளாம். அந்த வீட்டில் அதற்கு முன் அப்படி ஒன்று நடந்ததே இல்லையாம்.

விசில் ஊதியது. வேகமாக நடக்கிறவர்கள் முன்னால் பாய்ந்தார்கள். மெர்சி எல்லோரையும் நிறுத்தி, வசந்தாவைக் கையைப் பிடித்து வரிசையின் தலையில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"மெதுவா நடக்கிறவங்க முன்னாடி. அவங்களை யாரும் தாண்டக் கூடாது. தாண்டினா மறுபடி கேட்டுலேர்ந்து ஆரம்பிக்கணும்."

ரோஸ்லின் என்று ஒரு துடுக்குக்காரி இருந்தாள். "அப்போ பொங்கலுக்குத்தான் போய்ச் சேருவோம் மிஸ்" என்றாள். வசந்தா திரும்பிப் பார்த்து, "பொங்கலுக்குக் கரும்பு வாங்கித் தரேன், பேசாம வா" என்றாள், அதே மெதுவான குரலில். எனக்கு அந்தப் பெண்ணை அப்போதே பிடித்துவிட்டது.

எங்கள் ஊரில் காடு என்றால் ஈரம். அட்டை கடிக்கும், மேலே இலை மூடியிருக்கும், வானமே தெரியாது. செங்கல்பட்டுக் காடு வேறு மாதிரி. கருங்கல் பாறையும் முள்ளுமாக இடுப்பளவு நிற்கிறது, தலைக்கு மேல் வானம் அப்படியே திறந்து கிடக்கிறது. மழை விட்டுச் சில நாள்தான் ஆகியிருந்ததால் பாறைக் குழிகளிலெல்லாம் தண்ணீர். என் சேலையை ஒரு முள் பிடித்துக்கொண்டால் அதை எடுத்துவிடுவதற்குள் இன்னொரு முள் பிடித்துக்கொள்ளும். பாவாடை சட்டையில் பெண்கள் என்னைத் தாண்டித் தாண்டிக் குதித்தார்கள். மன்னிக்கவும், வசந்தாவை யாரும் தாண்டவில்லை. தாண்டப்பட்டது நான் மட்டும்தான்.

மெர்சியின் பாடம் இப்படி: எங்கே உட்கார்ந்தாலும், வழியில் மற்றவர்கள் பார்க்காத ஒன்றை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். சொல்லாதவருக்குக் கடலை உருண்டை கிடையாது. முதல் இடத்திலேயே துள்ளித் துள்ளி வந்தவர்களெல்லாம் விழித்தார்கள். வசந்தா மட்டும் பாம்புச் சட்டை, கீரிப்பிள்ளை, ஆட்டுப் புழுக்கையை உருட்டிப்போன வண்டு என்று அடுக்கினாள். நான் ஒன்றும் பார்த்திருக்கவில்லை. என் காலையே பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். விருந்தாளி என்று பார்க்காமல் என் கடலை உருண்டையையும் மெர்சி டப்பாவில் திரும்பப் போட்டுவிட்டார்.

பாறையிலிருந்து இறங்கிச் சாலைக்கு வந்தபோது, புளியமரத்தடியில் ஒரு கறுப்பு அம்பாசிடர் நின்றது. அதன் பக்கத்தில் வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் நான்கு அடுக்குத் தூக்குப் பாத்திரத்தோடு ஒரு கனமான மனிதர்.

"வசந்தாம்மா! கண்ணு! இன்னாம்மா இப்டி கறுத்துட்ட?"

கிளம்பி அரை நாள்கூட ஆகவில்லை. சபாபதிதான். மில்லை மூத்த மகனிடம் ஒப்படைத்துவிட்டு வந்துவிட்டாராம். முகாமில் அவர் தலையிடவே மாட்டாராம். பின்னாலே சும்மா வருவாராம். தூக்குப் பாத்திரத்தைத் திறந்தார். இட்லி, மிளகாய்ப் பொடி, எலுமிச்சை சாதம், வடை. மகளுக்கு முதலில் ஊட்டாத குறையாகக் கொடுத்துவிட்டு, பிறகு எங்களுக்கும் கொடுத்தார். மெர்சி வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நான் இரண்டாவது வடையில் இருந்தேன்.

திருக்கழுக்குன்றத்துச் சத்திரத்தில் தங்கினோம். மலைமேல் உச்சிவேளையில் வந்து பொங்கல் சாப்பிடும் கழுகுகளைப் பற்றி தைப்பிங்கிலேயே கேள்விப்பட்டிருந்தேன். பார்க்க வேண்டும் என்றேன். மதியம் வரை நின்றால் வெயில் ஏறிவிடும் என்று மெர்சி விடியலிலேயே கிளப்பிவிட்டார். அன்று பிற்பகல் சபாபதி எங்களை எட்டிப் பிடித்ததும் முதலில் சொன்னது: "ரெண்டும் வந்துச்சு! எங்கண்ணால பாத்தேன். கார் இருந்தா இதான் சௌரியம்." அந்த மனிதரை அன்று எனக்கு அறவே பிடிக்கவில்லை.

இரண்டாம் நாள் முழுவதும் வயல். ஏரிகள் நிரம்பி வாய்க்கால்கள் ஓடிக்கொண்டிருந்தன. வரப்பில் நடப்பது ஒரு தனி வித்தை. எனக்கு அது வரவில்லை. இரண்டு தடவை சேற்றில் கால் வைத்தேன், ஒரு தடவை உட்கார்ந்தேன். நாற்று நடுகிற பெண்கள் வேலையை விட்டுவிட்டு நிமிர்ந்து சிரித்தார்கள். "யாரு இந்தம்மா?" என்று ஒருத்தி கேட்க, ரோஸ்லின் "மலாயா டீச்சர்" என்றாள். நாட்டின் பெயர் மலேசியா ஆகி எத்தனையோ வருஷமாயிற்று என்று வந்த நாளிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு வாய்க்கால் ஓரத்தில் வசந்தா திடீரென்று கையைத் தூக்கி நின்றாள். பின்னால் வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டார்கள். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு நாரை. அதன் அலகு நடுவில் மூடாமல் ஓர் இடைவெளி. நத்தையை அந்த இடுக்கில் பிடித்து, ஓட்டுக்குள் நுனியை விட்டுச் சதையை மட்டும் உருவி விழுங்கியது. நத்தைகுத்தி நாரையாம். கூடு வேடந்தாங்கலில், சாப்பாடு இங்கே. வேகமாக நடந்திருந்தால் எப்போதோ பறந்து போயிருக்கும். எல்லோரும் மூச்சுக்கூட விடாமல் நின்றோம். அந்த நாரை ஒன்று, இரண்டு, மூன்று என்று நத்தைகளைச் சாப்பிட்டு முடிக்கும்வரை அங்கேயே நின்றோம். எத்தனை வருஷம் பாடப் புத்தகத்தில் பறவையின் அலகு வகைகளைப் படம் போட்டு நடத்தியிருக்கிறேன்! ஒரு நாரையைச் சாப்பிடும்போது பார்த்ததில்லை. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் வெயில் என்றேன்.

சாலையைக் கடக்கும்போது சைக்கிளில் வந்த ஒரு வெள்ளைக்கார ஜோடி எங்களைப் பார்த்து நின்றது. மூட்டைகளையும் சேற்றுக் கால்களையும் பார்த்துவிட்டு அந்தப் பெண்மணி என்னிடம் ஆங்கிலத்தில் மெல்லக் கேட்டார்: "இந்தக் குழந்தைகள் என்ன தப்பு செய்தார்கள்?" தண்டனை என்று நினைத்துவிட்டார். நான் பதில் யோசிப்பதற்குள் வசந்தா ஆங்கிலத்தில் சொன்னாள்: "பரீட்சை எழுதினோம்."

அதற்குள் என் இரண்டு குதிகாலும் கொப்பளித்திருந்தன. சபாபதி கவனித்துவிட்டார். கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "டீச்சரம்மா, நீங்க விருந்தாளி. நிபந்தனையெல்லாம் பசங்களுக்குத்தான். ஏறுங்க" என்றார். உள்ளே மெத்தை, சீட்டின்மேல் வெள்ளை உறை, ஜன்னலில் சின்னத் திரை. என் வாழ்க்கையில் எந்தக் காரையும் அப்படி ஆசையாகப் பார்த்ததில்லை. ஆனால் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குறிப்பாக வசந்தா. அவளும் நொண்டிக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. நான் ஏறினால் அடுத்தது அவள்.

"வண்டி ஓடாம நின்னா தப்பில்ல" என்று மெர்சி தீர்ப்புச் சொன்னார். நிற்கிற காரில் உட்கார்ந்து ஒரு தயிர்சாதப் பொட்டலத்தைச் சாப்பிட்டுவிட்டு, இறங்கி நடந்தேன்.

மூன்றாம் நாள் பக்கிங்காம் கால்வாய் குறுக்கே வந்தது. பாலம் தொலைவில். தோணிக்காரர் ஒருவர் அக்கரைக்கு விடுவார். அங்கேதான் பெரிய வழக்கு மூண்டது. தோணி வண்டியா, இல்லையா? ஏறினால் நிபந்தனை முறிந்துபோகுமா? சபாபதி கரையில் நின்று, "ஏறி உக்காந்தா வண்டிதான்" என்று சாதித்தார். நிபந்தனை போட்டவராயிற்றே. ரோஸ்லின் வக்கீல் மாதிரி எதிர்வாதம் செய்தாள். தோணிக்காரர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னா நைனா பேஜாரு? என் தோணில எவனும் உக்கார முடியாது. அடீல ஓட்ட கீது. அல்லாரும் நின்னுகினு தண்ணி எறைக்கணும்."

வழக்கு தள்ளுபடி ஆனது. முழங்கால் வரை நனைந்து, தகர டப்பாவால் தண்ணீரை இறைத்து இறைத்து அக்கரை சேர்ந்தோம். நடந்திருந்தால் அவ்வளவு உழைத்திருக்க மாட்டோம். கார் அந்தப் பக்கமே நின்றுவிட்டது. பாலம் சுற்றித்தான் வர வேண்டும். தோணி நகர நகர, சபாபதி கரையோரமாகவே கூட நடந்து, "துணி மாத்திக்கம்மா, ஈரத்தோட நிக்காத!" என்று கத்திக்கொண்டிருந்தது வெகுதூரம் கேட்டது. வசந்தா கையை ஆட்டினாள். பிறகு என்னிடம், "அப்பா பாவம் டீச்சர். நான் படியேறினாகூட கீழ கைய நீட்டிகினு நிப்பார்" என்றாள்.

சவுக்குத் தோப்பைத் தாண்டியதும் கடல். நான் தீபகற்பத்தில் பிறந்தவள், கடல் எனக்குப் புதிதில்லை. ஆனால் எங்கள் பக்கத்துக் கடல் சாது. மெல்ல வந்து காலை நக்கிவிட்டுப் போகும். இந்தக் கடல் கரையை ஓங்கி ஓங்கி அறைந்துகொண்டிருந்தது. மூட்டைகளைப் போட்டுவிட்டு எல்லோரும் கத்திக்கொண்டு ஓடினோம். அப்போது மட்டும் வசந்தாவை எல்லோரும் தாண்டினார்கள், நான் உட்பட. மெர்சி விசில் ஊதவில்லை, அவரும் ஓடிக்கொண்டிருந்தார்.

மீனவக் குப்பத்தின் ஓரத்தில் கூடாரம் அடித்தோம். பொழுது சாயும் நேரத்தில் சபாபதி வந்து சேர்ந்தார். வந்து சேர்ந்தார் என்பது பாதி உண்மைதான். மகளைக் காணாமல் அரை நாள் தவித்த அவசரத்தில், சாலையோடு நிற்காமல் மணலிலேயே காரை விடச் சொல்லியிருக்கிறார். சக்கரம் அச்சு வரை புதைந்துவிட்டது. டிரைவர் கன்னியப்பன் பனை ஓலையை வெட்டிச் சக்கரத்தின் அடியில் போட்டுப் பார்த்தார், அசையவில்லை. கடைசியில் எங்கள் பெண்கள்தான் பின்னால் நின்று தள்ளினார்கள். ஏறவே கூடாத காரை உயிரைக் கொடுத்துத் தள்ளிச் சாலையில் ஏற்றினார்கள். கன்னியப்பன் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "ரெண்டு ராவா மொதலாளி தூங்கவே இல்லம்மா. வண்டிலயே குந்திகினு நீங்க தங்கற எடத்தயே பாத்துகினு கீறார்."

நான்காம் நாள் காலையில் வசந்தாவின் குதிகால் கொப்புளம் உடைந்து சிவந்திருந்தது. மெர்சி உப்புத் தண்ணீரில் கழுவித் துணி கட்டிக்கொண்டிருக்கும்போது சபாபதி வந்து பார்த்தார். வழக்கமான சத்தம் இல்லை.

"போதும்மா. மூணு நாள் நடந்துட்ட, எனக்கே பெருமையாத்தான் இருக்கு. மிச்ச தூரம் வண்டில வா."

மெர்சியின் கை நின்றது. மிச்ச தூரம் என்பது கரையோரமாக மாமல்லபுரம் வரை, ஒரு காலைப்பொழுது நடை. அதற்காக எல்லாம் போய்விடும். வசந்தா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அவளுக்கு அழுகை முட்டியது எனக்குத் தெரிந்தது. அப்பாவை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாத பெண்.

அந்த நேரத்தில் கரையிலிருந்து கூப்பிட்டார்கள். பெரிய வலை போட்டிருந்தார்கள். படகில் வலையைக் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போட்டு, அதன் இரண்டு கயிறுகளையும் கரையில் தூரத் தூர நின்று இரண்டு கூட்டமாக இழுப்பார்கள். ஊரில் பாதிப் பேர் சதுரங்கப்பட்டினத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்ததால் கயிறு இழுக்க ஆள் போதவில்லை. வலைக்குத் தலைவரான ஏழுமலை, "பொண்ணுங்கோ சும்மாதான கீதுங்கோ, ஒரு கை குடுங்களேன்" என்றார்.

கேட்டதுதான் தாமதம், பெண்கள் ஓடினார்கள். வசந்தாவும் நொண்டிக்கொண்டே ஓடினாள், அப்பாவுக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்க அதுவும் ஒரு வழி.

இவர்கள் கயிறு இழுக்கும் போட்டியில் மாவட்டக் கோப்பை வாங்கிய அணி என்பது எனக்கு அதுவரை தெரியாது. கயிற்றைக் கண்டதும் தானாக வரிசையில் நின்றுவிட்டார்கள். கடைசியில் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு, குதிகாலை மணலில் பதித்துச் சாய்ந்து நின்றது வசந்தா. அணியின் கடைசி ஆள், அசைக்கவே முடியாத ஆள், அவள்தான். மெர்சி பழக்கதோஷத்தில் விசிலை ஊதிவிட்டார். இழுத்தார்கள் பாருங்கள்! கயிறு கடலிலிருந்து சரசரவென்று வந்தது. அந்தப் பக்கத்து மீனவர்களே கையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். நான் கைதட்டினேன்.

ஏழுமலை தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"ஐயோ, நிறுத்தும்மா நிறுத்து! இன்னாத்துக்கு இப்டி இழுக்கிறீங்கோ? எதிரியா கீறான் அந்தாண்ட? வலை கோணிக்கினு வருது, மீனெல்லாம் பூடும்!"

வலை இழுப்பது போட்டியில்லை. இரண்டு கயிறும் சமமாக வர வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் வலையின் வாய் கோணி, மீன் அந்த வழியாக வெளியே போய்விடும். எங்கள் பெண்கள் ஜெயித்துக்கொண்டே குப்பத்தின் ஒரு நாள் பிழைப்பைத் தோற்கடித்துக்கொண்டிருந்தார்கள். ரோஸ்லின் கயிற்றைக் கீழே போடப் போனாள்.

"வுடாத! வுட்டா இன்னும் மோசம். அப்டியே புட்ச்சிகினு நில்லுங்கோ. அந்தாண்ட கயித்துக்கு ஆளு வோணும். யார்னா ஓடியாங்கோ!"

அலை வலையை இழுக்க, பெண்கள் வழுக்கினார்கள். வசந்தா மட்டும் நகரவில்லை. குதிகாலில் கட்டிய துணி சிவந்து ஊறுவது நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. முகம் பயங்கரமாக இருந்தது. அவள் அசைந்தால் எல்லாம் போச்சு.

சபாபதி மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். மகளுக்கு அடிபட்டுவிடும் என்ற பயத்தில் போட்டி நாட்களில் பள்ளிப் பக்கமே வராதவராம். அவள் இழுத்து அவர் பார்த்ததில்லை. நேராக அவளிடம் ஓடிக் கயிற்றைப் பிடுங்கப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். அவளிடமிருந்து திரும்பி, எதிர்க் கயிற்றைப் பார்த்து ஓடினார்.

"டேய் கன்னியப்பா, வாடா! டீச்சரம்மா, நீங்களும் வாங்க! பாத்துகினு நிக்கிறீங்களே!"

நானும் ஓடினேன். கயிறு நனைந்து, உப்பேறி, முள் மாதிரி கையை அறுத்தது. மில்லில் மூட்டை தூக்கும்போது போடுகிற சத்தத்தை சபாபதி போட்டார், நாங்கள் திருப்பிப் போட்டோம். எங்கள் கயிறு மெல்ல மெல்ல வந்தது. ஏழுமலை நடுவில் நின்று கையைத் தூக்கினார்: சமம். பிறகு இரண்டு பக்கமும் சேர்ந்து இழுத்தோம்.

வலை கரையை நெருங்க நெருங்க இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று நோக்கி நகர வேண்டும். இழுக்க, நகர, இழுக்க, நகர என்று வந்து, வலையின் அடியில் மீன் சேரும் மடி கரையேறும்போது இரண்டு கூட்டமும் ஒன்றாகிவிட்டது. சபாபதியும் வசந்தாவும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். மடி நிறைய இல்லை, பாதி போயிருந்தது. ஆனாலும் நெத்திலியும் காரப்பொடி மீனுமாக வெள்ளி கொட்டிக் கிடந்தது. குப்பத்துப் பெண்கள் கூடையோடு சூழ்ந்துகொண்டு எங்கள் பெண்களைத் திட்டியபடியே சிரித்தார்கள்.

சபாபதி மகளின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். தோல் உரிந்திருந்தது. வசந்தா அவர் கையைத் திருப்பிப் பார்த்தாள். அதுவும் உரிந்திருந்தது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஏழுமலை மணலில் மீனைக் கூறு கூறாகப் போட்டுக்கொண்டே வந்து, சபாபதியின் காலடியிலும் ஒரு கூறு வைத்தார்.

"ஐயா, நான் சைவம். தொட மாட்டேன்."

"அத்த நீ துன்னு, துன்னாம போ, அது உன் இஷ்டம் நைனா. கயிறு தொட்டவனுக்குப் பங்கு உண்டு. பங்க வாணாம்னு போனா நாளிக்கி வலைல ஒண்ணியும் வுழாது."

மதுராந்தகத்து மில் முதலாளி, பரம்பரைச் சைவர், தன் வெள்ளைத் துண்டை விரித்து நெத்திலி மீனை வாங்கி, கைக்குழந்தையைப் போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றார். அந்தக் காட்சிக்காகவே நான் கடல் தாண்டி வந்ததாகச் சொல்லலாம். அந்த மீனை ஏழுமலையின் மனைவி வாங்கிக் குழம்பு வைத்தார். புளியும் மிளகாயும் தூக்கலாக, கொதிக்கக் கொதிக்க, சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டேன். எங்கள் ஊர் நெத்திலிச் சம்பலை ஒரு வேளைக்கு மறந்தேன். சபாபதி கடலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டார். "வாசன நல்லாத்தான் இருக்கு" என்று மட்டும் ஒரு தடவை சொன்னார்.

சாப்பிட்டதும் மெர்சி எழுந்தார், விசிலைத் தொடாமல் சபாபதியைப் பார்த்தார். நாங்கள் எல்லோருமே அவரைத்தான் பார்த்தோம்.

"கெளம்பலாமே. நானும் கொஞ்ச தூரம் கூட வரேன்" என்றார் அவர்.

அவர் செருப்பை அலை கொண்டுபோயிருந்தது. வெறுங்காலோடு, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வரிசையில் எனக்குப் பின்னால் நடந்தார். கார் சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம் சாலையில் ஊர்ந்து வந்தது. கொஞ்ச தூரம் பேசிக்கொண்டு வந்தார். கொஞ்ச தூரம் பேசாமல் வந்தார். மணல் கால்களை உள்ளே இழுத்தது. கடற்கரைக் கோயிலின் கோபுரம் தூரத்தில் புள்ளியாகத் தெரிந்த இடத்தில், ஒரு சவுக்கு மரத்தடியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

முன்னால் போய்க்கொண்டிருந்த வசந்தா திரும்பி வந்தாள். அவரைப் பார்த்தாள், அவர் பாதங்களைப் பார்த்தாள். தோப்புக்குள் நொண்டிப் போய்க் கன்னியப்பனைக் கூட்டி வந்தாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் கைத்தாங்கலாக அவரைச் சாலைக்கு நடத்திப் போக, நாங்களும் பின்னாலே போனோம்.

"நீங்க வண்டில வாங்கப்பா. நான் நடந்து வரேன்" என்றாள்.

அவர் பின் சீட்டில் உட்கார்ந்தார். பழக்கத்தில் கை நீண்டு, அவளுக்காக அடுத்த பக்கத்துக் கதவையும் திறந்துவிட்டது. திறந்த கதவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மெர்சியைப் பார்த்தார், வரிசையாக நின்ற பெண்களைப் பார்த்தார். பிறகு எட்டி, அதைத் தானே இழுத்துச் சாத்தினார்.

"போடா கன்னியப்பா. நேரா போ. பின்னாடி பாக்காத."

கார் நகர்ந்தது. சாலை வளைகிற இடம் வரை அதன் பின் கண்ணாடியில் சபாபதியின் முகம் எங்களைப் பார்த்தபடியே இருந்தது. நான் கையசைத்தேன். வசந்தா அதைப் பார்க்கவில்லை. வரிசையின் முன்னால் போய் நின்று நடக்கத் தொடங்கியிருந்தாள்.